முளைப்பச்சை

மேலூர் தாண்டி, திருவாதவூர் போகிற சாலையில்
நெல் கொள்முதல் நிலையத்துச் சுற்றுச்சுவர்.
நாற்பத்திரண்டு அடி நீளம், எட்டடி உயரம்.
தலைப்பு அவர்களே தந்தது: உழவும் வளமும்.
சதுர அடிக்கு முப்பத்தைந்து. பெயிண்ட் என் செலவு.

மாதிரிப் படம் வாட்ஸப்பில் வந்தது.
பொன் கதிர், தலைப்பாகை, பல் தெரியும் சிரிப்பு.
நான் செல்லூர்க்காரன்.
தறி ஓடுகிற சத்தத்தில் வளர்ந்தவன்.
பென்சில் கோடு முடிந்து
மஞ்சள் பாதிச் சுவர் ஏறியபிறகுதான்
மூட்டைமேல் உட்கார்ந்திருந்த அடக்கியக்கா
வெற்றிலையைக் கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு கேட்டாள்:
"இது கோதுமையில்ல?"

டோக்கன் வாங்கிப் பதினோரு நாளாய்க் காத்துக்கிடந்த களம்
அன்றைக்குத்தான் சிரித்தது.

அப்புறம் ஆளாளுக்கு வாத்தியார்.
பால் பிடித்த கதிர் தலை கவிழும்.
வரப்பில் நண்டு வளை இல்லாமல் அது என்ன வயல்?
"அந்த மாட்டை எவன்யா வச்சிருக்கான்?
பெல்ட்டு வண்டிய வரை.
மணிக்கு ரெண்டாயிரத்தி அறுநூறு, அதையும் ஓரமா எழுது."
அதிகாரிக்கு மாடுதான் வேண்டும்.
மாட்டை முன்னால் நிறுத்தி
அறுவடை வண்டியைத் தொலைவில்
சிவப்பாய் ஒரு விரல் அளவு வைத்தேன்,
கோயில் என்று நினைப்பவர் நினைக்கட்டும் என்று.

நடவுப் பெண்களுக்கு வரிசையாய் முகம் எழுதியிருந்தேன்.
"நடுறவளுக்கு எங்கய்யா மூஞ்சி தெரியும்?"
இறங்கிவந்து சிமெண்டுத் தரையில் குனிந்து
இல்லாத நாற்றை ஊன்றி ஊன்றிப் பின்னால் நகர்ந்தாள்.
படம் சரியாய் வருகிறதா என்று பார்க்க
நானும் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தேன்.
முதுகும் முதுகும் இடித்துக்கொண்டன.
பெயிண்ட் டப்பா கவிழ்ந்ததில்
இரண்டு பேர் காலிலும் நீலம்.

அன்று இரவு மழை.
தை மழை நெய் மழை என்றார் பட்டியல் எழுத்தர்.
"நெய்யி யாருக்கு?" என்றாள்.
தார்ப்பாய் எட்டாத பதினான்கு மூட்டைகள்.

காலையில் சாக்குக்குள் கைவிட்டேன்.
காய்ச்சல் கண்ட பிள்ளையின் வயிறுபோலச் சுட்டது.
மூன்றாம் நாள் சணல் கண்களில் வெள்ளை வேர்.
ஐந்தாம் நாள் பச்சை.

நாற்றங்கால் பச்சை மட்டும் எனக்கு வரவேயில்லை.
மஞ்சளில் நீலம் சேர்த்தால் பிளாஸ்டிக் குடம்,
கறுப்புத் தொட்டால் பாசி.
நாலு முறை அடித்து நாலு முறை வெள்ளை பூசினேன்.
பார்த்துக்கொண்டே இருந்தவள்
சாக்கைக் கிழித்து ஒரு கை அள்ளி
என் பலகையில் போட்டாள்.
"இந்தா, நீ தேடுறது.
எனக்கு இனிமே என்னத்துக்கு."

மஞ்சள் மூன்று, நீலம் ஒன்று,
நகக்கண் அளவு காவி, துளி வெள்ளை.
வந்தது.
அப்படியே வந்தது.
எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்பதை
அவள் பார்த்துவிடக் கூடாதே என்று
சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

ஈரமானி இருபத்துமூன்று காட்டியது.
பதினேழைத் தாண்டினால் முடியாதும்மா என்றார்கள்.
வாத்துக்காரர் ஒருவர் வந்து
விலை கேட்காமல் விலை சொன்னார்.
அவள் பேரம் பேசவில்லை. சாக்கை மட்டும்
எண்ணித் திருப்பி வாங்கிக்கொண்டாள்.

திறப்பு நாளில் அதிகாரி சுவரைத் தட்டிச் சொன்னார்:
"பச்சை உயிரோட இருக்கு, தம்பி."

கீழ்மூலையில் என் பெயர், கைபேசி எண்.
நிலையத்துக்கு வேறு எண் எங்கும் எழுதவில்லை.
பங்குனிக்குள் எழுபது அழைப்புக்கு மேல்.
"சார், டோக்கன் நூத்திப்பன்னெண்டு,
என்னைக்கு எடை போடுவீக?"
முதலில் ராங் நம்பர் என்று வைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது கேட்கிறேன்:
எத்தனை மூட்டை? கீழே கல் அடுக்கியிருக்கா?
நேத்து அங்கிட்டு மழையாமே,
அடி மூட்டையில கைய விட்டுப் பாருங்க.
வைக்காதீங்க, இருக்கேன்.

சாக்குவாய் பிரிகிற சத்தம் கேட்கிறது.

சுடுதா?