லாம்

பிர்னோவில் பனி ஈரமாக விழுந்த வாரம்.
பல்கலைக்கழகத்தின் அடித்தள அறை,
நீண்ட மேசைகள், நீலக் கேபிள்கள்.
ஏழு கம்பெனிகளின் கோப்பு சர்வர்கள்
ஒன்றையொன்று பார்த்து உறுமிக்கொண்டிருந்தன.

புதன், மாலை நான்கு இருபது.
விளாஸ்தாவின் கிளையன்ட் கேட்டது:
இந்தக் கோப்பை அங்கேயே நகலெடுத்துவிடு,
என் வழியாக இழுக்காதே.
டிரெஸ்டனிலிருந்து ஓட்மார்
முதுகுப்பையில் சுமந்து வந்த பெட்டி
மழுப்பாமல் பதில் சொன்னது:
அந்த வேலை என்னிடம் இல்லை.

அவ்வளவுதான்.
நாற்பது ஜிகாபைட் நின்ற இடத்திலேயே நின்றது.
திரையில் ஒரு சிவப்பு வரி.

அறை முழுக்க ஓட்மாரைப் பார்த்தது.
இரண்டே பேர் நடத்தும் கம்பெனி;
இன்னொருத்தி பிரசவ விடுப்பில்.
"எல்லாருமே செய்கிறார்களே"
என்றது மூன்றாம் மேசை,
"ஐந்து வருஷமாக."
எழுதாத சட்டம்
இப்படித்தான் பிறக்கிறது,
ஒரு பெருமூச்சோடு.

விளாஸ்தா விதிநூலைத் திறந்தாள்.
திறக்கத் தேவையில்லை:
அந்தப் பத்தியை எழுதிய மூவரில் அவளும் ஒருத்தி.
செய்ய
லாம்.
அந்த ஒரு லாமுக்காகப்
பதினோரு வாரம் சண்டை.
வேண்டும் என்று போட்டால்
சின்னப் பெட்டிகள் சந்தைக்கே வராது.
ஒன்றுமே போடாவிட்டால்
ஆளுக்கொரு நகல், ஆளுக்கொரு முறை.
கடைசியில், விடிகாலை இரண்டு மணிக்கு,
களைப்பு எழுதிய விகுதி அது.

இன்றுதான் மறுபக்கம் தெரிந்தது.
தருகிறவனுக்கு அது லாம்.
கேட்கிறவனிடம் வரும்போது
அதே வாக்கியம்
வேண்டும் என்று திரும்பி நிற்கிறது:
இல்லை என்பதைக் கேட்டுக்கொண்டு
வேறு வழியில் போகத்
தெரிந்திருக்க வேண்டும்.
அவள் நிரலுக்குத் தெரிந்திருக்கவில்லை.

(மூன்றாம் மேசையின் பெட்டியோ
முடிந்தது என்று சொல்லிவிட்டுக்
கடைசித் துண்டை விட்டிருந்தது.
அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை
வியாழன் மதியம் வரை.)

"பிழை என்னுடையது" என்றாள்,
செக் மொழியில் ஒருமுறை,
ஓட்மாருக்காக ஜெர்மனில் ஒருமுறை.
ஆறு வரி சேர்த்தாள்.
மறுபடி கேட்டது கிளையன்ட்.
மறுபடி இல்லை என்றது பெட்டி.
சரி என்று
வாளி வாளியாக மொண்டு
இந்தக் கரைக்குக் கொண்டுவந்து
அந்தக் கரையிலேயே திரும்ப ஊற்றத் தொடங்கியது.

மெதுவாக.
ஒரு சதவீதம். ஒரு சதவீதம். இரண்டு.
வெளியே பன்னிரண்டாம் எண் டிராம்
மூன்று முறை வந்து போனது.
எள் தூவிய ரோஹ்லீக் ஒன்றைப் பிட்டு
ஒரு பாதியை நீட்டினான் ஓட்மார்:
"சாப்பிடலாமா?"
"வேண்டாம்."
நீட்டிய பாதியை
அதே கையால் வாயில் போட்டுக்கொண்டான்.
பதினேழு, பதினெட்டு.