இருபத்தொரு துலாம்

கொட்டியாரத் துறையில்
பாக்கு நிறுப்பது என் வேலை.
ஈரப்பாக்கு என்றால் நூற்றுக்கு ஏழு கழிப்பேன்.
பிறகு மெழுகு, மிளகு, யானைக்கொம்பு.
சீனத்து மரக்கலம் வந்துவிட்டால்
இரவிலும் தீப்பந்தம் வைத்து நிறுக்க வேண்டும்.
அரசனுடைய தம்பிக்கு இதுவா வேலை என்று
மாலுமிகள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள்,
எனக்குக் கேட்காத தூரம் என்று நினைத்து.
காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று
கடலோடிகளே கவனிப்பதில்லை சிலவேளை.

எங்கள் குடும்பத்தில்
இதைவிட நல்ல வேலை எவருக்கும் வாய்க்கவில்லை.
மூத்தவன் ஏறனுக்குக் கண் போயிற்று.
போயிற்று என்றுதான் சொல்லுவோம்,
ஏதோ காய்ச்சலில் போனதுபோல.
தம்பலகாமத்து வயல் நடுவே ஒரு வீடு கொடுத்திருக்கிறான்.
அக்காள் நக்கை நாற்பது யானைக்கு ஈடாகக்
கந்தளாய்த் தலைவன் வீட்டுக்குப் போனாள்.
சிற்றப்பன் மக்கள் இருவர்
புறாத்தீவு பார்க்கப் படகில் போனார்கள்.
படகு திரும்பி வந்தது.

பங்குனியில் கடல்
எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்த நாளில்
ஓலை வந்தது.
கோணமலை உச்சியில், ஈசன் முன்னால்,
தன் எடைக்குப் பொன் கொடுக்கப் போகிறானாம் அண்ணன்.
துலாக்கோலை நீயே பிடி.
உறவினர் எல்லாரும் வருக.
எல்லாரும் என்ற சொல்லை
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாறைமேல் எங்களைப்
பிறந்த வரிசையில் நிறுத்தினார்கள்.
இடைவெளிகள் இருந்தன.
நெருங்கி நில்லுங்கள் என்றான் ஓலைநாயகம்,
நெருங்கினோம்.
வெகு கீழே, பாறைப் பிளவுக்குள் புகுந்த அலை
நெஞ்சுச்சளிக்காரன்போல் இருமியது.

முடியைக் கழற்றினான். வாளைக் கழற்றினான்.
குண்டலங்களை என் உள்ளங்கையில் வைத்தான்,
சூடாக இருந்தன.
பன்னிரண்டு வருடத்துக்குப் பின்
அவனை இவ்வளவு கிட்டத்தில் பார்க்கிறேன்.
இடக்காதின் பின்னால் இன்னும் இருக்கிறது
அக்காள் சங்கை எறிந்த தழும்பு.

இருபது வருடம் நிறுத்தவனுக்குக்
கண்ணே படிக்கல்.
பத்தொன்பது துலாம் என்று மனதுக்குள் வைத்தேன்.
பத்தொன்பது ஏற்றியாயிற்று, தட்டு எழவில்லை.
இருபது.
குருக்கள்மார் மந்திரத்தை உரக்கச் சொன்னார்கள்.
பண்டாரத்து ஆள் நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.
தட்டில் அண்ணன்
மாங்காயோடு பிடிபட்ட பையன்போல
அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

பிறகு கோல் லேசாக ஆடியபோது
பட்டுக்குள் இருந்து ஒரு சத்தம் வந்தது:
இரும்பு வளையம் இரும்பு வளையத்தில் உரசுவது.

பங்குனி வெயிலில்,
கோயில் முற்றத்தில்,
ஒரு குருடனும் ஒரு பெண்ணும்
பாக்கு நிறுப்பவனும் நிற்கும் வரிசைக்கு முன்னால்
சட்டைக் கவசம்.

வணிகனாக இருந்திருந்தால்
மூட்டையை அவிழ் என்றிருப்பேன்.
இருபத்தொரு துலாம், சரி, என்று கூவினேன்.
கல்வெட்டுகிறவன் குறித்துக்கொண்டான்.
எங்களைக் கண்டு அவன் அஞ்சியதில்
ஈசனுக்கு இரண்டு துலாம் பொன் மிச்சம்.

கொழுத்துப் போயிருக்கிறான், என்றாள் அக்காள்
உதடு அசையாமல்.

இறங்கும்போது ஏறன் என் தோளைப் பிடித்துக்கொண்டான்.
எவ்வளவு?
சொன்னேன்.
இரும்பைக் கழித்துச் சொல்லு.
பத்தொன்பது.
சில படிகள் பேசாமல் வந்தான்.

மாவலி கழிமுகத்தில் வெள்ளம் ஏறிய நாள்
உனக்கு நினைவிருக்காது, நீ பால்குடி.
இவனைத் தோளில் வைத்துக் கடந்தேன்.
ஆறு வயது, நல்ல கனம்.
நடு ஆற்றில் பயந்துபோய்
இரண்டு கையாலும் என் கண்ணைப் பொத்திக்கொண்டான்.
கையை எடடா, வழி தெரியவில்லை என்று
கத்திக்கொண்டே நடந்தேன்.
கரை வரும்வரை எடுக்கவே இல்லை.

பயத்தில்தான், என்றான்.
பிறகு,
இன்னும் எத்தனை படி இருக்கிறது என்று கேட்டான்.