குறுக்கே

ஆரல்வாய்மொழியில் ஆனி பிறந்தால்
சுண்ணாம்புக் கோடு நிற்காது.
காலையில் இழுத்த பாதையை
மதியத்துக்குள் காற்று
முப்பந்தல் பக்கம் கொண்டுபோய்விடும்.

நான் சர்வேயர். பெயர் டெல்பின்.
பட்டாளம் காலி செய்த முகாமில்
கல்லூரிக்கு வழி குறிக்க வந்தவள்.
வரைபடத்தில் ஒன்பது மீட்டர் சாலை,
காவல் கூண்டிலிருந்து கொடிமேடை வரை
நூல் பிடித்தாற்போல்.
"பிரின்சிபால் காரு எங்க திரும்பும்?"
காண்ட்ராக்டர் பகவதிப்பெருமாளுக்கு
அந்த ஒரே கவலை.

மூன்றாம் முறை அழிந்தபோது
மூட்டையைக் கட்டி ஓரமாய் வைத்தேன்.
யார் எங்கே நடக்கிறார்கள் என்று
சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

முள்கம்பி அறுந்த இடத்தில் ஆடுகள் நுழைந்தன.
அவற்றின் பின்னால் ஒற்றையடிப் பாதையும் வந்தது,
உடைமர நிழல் ஒன்றையும் விடாமல் தொட்டு.
சித்தாள் பெண்கள் குழாயடிக்கு
அணிவகுப்புத் திடலைக் குறுக்கே வெட்டினார்கள்.
நாற்பது வருடம்
இடம், வலம், பின்னால் என்று மட்டுமே
மிதிபட்ட தரை.
மூன்றே வாரத்தில் அதன் நெஞ்சில்
கோணலாய் ஒரு கோடு.
அளந்தேன்: அகலம் ஒன்றரை முழம்.
இரண்டு பேர் பேசிக்கொண்டு போக
இன்னும் கொஞ்சம் வேண்டும்.

வெடிமருந்துக் கிடங்கின் சுவர் மூன்றடி.
உள்ளே வெடித்தால் வெளியே தெரியக்கூடாதென்று கட்டியது;
இப்போது
வெளியே எரிவது உள்ளே தெரியவில்லை.
மின்விசிறிக்குக் கொக்கி மாட்ட வந்தவன்
அங்கேயே படுத்துத் தூங்கிப்போனான்.
நூலகம் என்று எழுதினேன், பென்சிலால்.

கார் கேட்டோடு நிற்கும் என்று
கூட்டத்தில் சொன்னபோது
"மழையில?" என்றார்கள்.
"பிள்ளியளுக்கும் அதே மழைதானே."
யார் சொன்னதென்று குறிப்பேட்டில் இல்லை.
நான்தான்.

இரவுக் காவலர் ஜெரோன் பழைய ஹவில்தார்.
யாரும் பார்க்காத திடலின் விளிம்பில்
தொண்ணூறு பாகையில்தான் இன்னமும் திரும்புவார்.
நான் கேலி செய்ததில்லை;
சில கால்களுக்குச் சாலை
உள்ளேயே போட்டுக் கிடக்கிறது.

ஐப்பசியில் ஒரு காலை.
ராத்திரி கொட்டின மழையில்
செம்மண் குழைந்து கிடந்தது.
அதில் பூட்ஸ் தடம்:
விளிம்போரம் பாதி தூரம், நேராக.
பிறகு ஒரே இடத்தில்
மிதித்து மிதித்துக் குழம்பிய பள்ளம்.
அதற்கப்புறம்
குறுக்கே.

பகவதிப்பெருமாளைக் கூப்பிட்டுச் சொன்னேன்:
கல் பதிக்கிற வேலையை
இங்கிருந்தே தொடங்கலாம்.
அந்தப் பள்ளம் மட்டும்
தானாகக் காயட்டும்.