எண்பத்தெட்டாவது வரி

மதியம் மூன்று மணிக்கு மேல்
வெட்டூர்ணிமடம் ஆய்வகத்தில் ஊசிக்கு ஆள் குறையும்.
அப்போதுதான் போனை எடுப்பேன்.

நூற்றி நாற்பத்தொரு பேர்.
எல்லோர் நெஞ்சிலும் ஒரு கம்பிவலை,
பேனா ஸ்பிரிங்கைவிடச் சின்னது.
மூன்றாம் நாள் காலை அவர்களுக்கு ரத்தம் எடுத்தது நான்.
சுழற்றி, பிரித்து, மெஷினில் வைத்து
சி.ஆர்.பி. எவ்வளவு என்று எழுதியதும் நான்.
ஒரு வருஷம் கழித்து
இருக்கிறார்களா என்று கேட்பதும் இப்போது என் வேலை.

டாக்டர் ஒரு தாள் தந்திருக்கிறார்.
மறுபடி நெஞ்சுவலி வந்ததா.
மறுபடி அட்மிட் ஆனீர்களா.
மறுபடி அடைத்ததா.
நான்காவது கேள்வி,
போனை எடுப்பவர் அவரேயானால், தேவையில்லை.

அருமனை ரசலையன் எடுத்தார்.
பின்னால் தகரத்தில் மழை.
விடிகாலை நாலுக்குத் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு
முந்நூறு மரம் வெட்டுகிறாராம்.
“கனம் தூக்கப்பிடாதுன்னு சொன்னிய.
கத்தி என்ன கனமா?”
அவருடைய எண் பதினெட்டு புள்ளி நாலு.
மெஷின் தப்பு என்று நினைத்து
அன்றைக்கு இரண்டாம் தடவை ஓட்டிப் பார்த்தேன்.
அதேதான் வந்தது.
“எனக்க நம்பரு கூடுதலா பிள்ளே?”
“கூடுதல்தான்.”
“ரப்பருக்க விலை மட்டும் கூட மாட்டேங்கு.”
சிரிப்பின் நடுவே மூச்சு வாங்குகிறதா என்று
போனைக் காதோடு அழுத்தினேன்.
வாங்கவில்லை.
பூஜ்யம் என்று அடித்தேன்.
இந்தத் தாளில் பூஜ்யம்தான் நல்லது.

தக்கலை செய்யது மைதீன், தபால்காரர்.
எண், வெறும் புள்ளி ஒன்பது.
இரண்டு தடவை அட்மிட் ஆகிவிட்டார்.
“நல்ல ரத்தம்னுதானம்மா அப்பம் சொன்னீங்க.”

தமிழில் இதற்கு அழற்சி என்று பெயர்.
சொல்லுக்குள்ளேயே அழல் இருக்கிறது.
கம்பி வைத்த இடத்தில்
தனக்குத் தெரிந்த வைத்தியமாக
உடம்பு தீ மூட்டுகிறது.
சிலருக்கு மூன்று நாளில் அணையும்.
சிலருக்குத் தேங்காய்த் தொண்டில் பிடித்த கனல் மாதிரி
வெளியே தெரியாமல் உள்ளே ஓடும்.
நான் அளந்தது தீயை அல்ல,
புகையை.

எண்பத்தெட்டு. கொடிமுனை மரிய சூசை.
பதினொன்று புள்ளி ஆறு.
எடுத்தது மனைவி செபஸ்தியாள்.
“அவரு மாதா திருநாளுக்கு முந்தியே போயிட்டாரு.”
கடலுக்கா என்று கேட்டுவிட்டேன்.
“இல்ல. கட்டில்லதான்.”

எதற்குக் கூப்பிட்டேன் என்று கேட்டாள். சொன்னேன்.
“அந்த நம்பரு அவருக்குக் கூடுதலா இருந்துதா?”
இருந்தது.
“எப்பம் தெரியும்?”
மூன்றாம் நாள்.

லைனில் யாரோ சாளைக்கு ஏலம் கூவினார்கள்.
நூற்றி நாற்பத்தொரு பேரைச் சேர்த்து வைத்தால் தெரிகிற உண்மை
ஒருத்தரைத் தனியாக நிறுத்தினால் தெரியாது என்பார் டாக்டர்.
பதினெட்டு வைத்துக்கொண்டு ஒருவர் மரம் வெட்டுகிறார்,
அதுவும் வாய்வரை வந்தது.
விழுங்கினேன்.

“சொல்லியிருந்தியன்னா கடலுக்கு விட்டிருக்க மாட்டேன்.”
ஏலம் முடிந்து அடுத்த கூடைக்குப் போயிருந்தது.
“சொன்னாலும் போயிருப்பாரு.”

போனை வைக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.
“அந்த ரத்தம் இப்பம் எங்க?”

இங்கேதான் இருக்கிறது.
அடுத்த பரிசோதனைக்கென்று எடுத்துவைத்த கால் குழாய்,
மைனஸ் எண்பதில்,
மூடியில் என் கையெழுத்தில் 88.
“ஃப்ரீசர்ல இருக்கு.”
“கரண்டு போனா?”
“ஜெனரேட்டர் இருக்கு.”
“சரி,” என்றாள்.

ஒன்று என்று அடித்தேன்.
எண்பத்தொன்பதைக் கூப்பிடும் முன்
எழுந்து போய்
ஜெனரேட்டரில் டீசல் இருக்கிறதா என்று பார்த்தேன்.