ஏழிலிருந்து நாலு

பத்துக்குள்ள எத்தனை எண்டு கேட்டாள் நிரூஜினி.
ஏழு, என்றேன். மழை நாளில் எட்டு.
முள்ளந்தண்டுக்கு இரண்டு விரல் தள்ளி
ஒரு துண்டு.
எடுத்தால் நடக்கேலாது, விட்டால் இருக்கேலாது.

மாங்குளத்தில், மின்விசிறியை நிற்பாட்டிய அறையில்
குப்புறப் படுத்தேன்.
முதுகில் வெண்கலக் கிண்ணம் ஒன்றை வைத்து
மெல்லத் தட்டினாள்.

ங்ங்ங்ங்

வண்டு.
நாள் முழுக்க மேலே சுற்றி
எங்களை எண்ணிக்கொண்டு திரிந்த அதே இரைச்சல்.
என் கைகள் கட்டிலுக்குக் கீழே
பதுங்குகுழி மண்ணைத் தேடின.
சீமெந்துத் தரை.

அவள் ஒன்றும் கேட்கவில்லை.
கிண்ணத்தைத் துணியால் மூடினாள்.
தேத்தண்ணி தந்தாள், சீனி கூட.

அடுத்த கிழமை பெரிய கிண்ணம்.
இந்த முறை சத்தம் காதுக்கு வரவில்லை.
இரணைமடுவில் வான்கதவு திறந்த அன்று
அணைக்கட்டில் நின்ற உள்ளங்காலுக்கு வந்ததுபோல
எலும்புக்கு வந்தது.
உள்ளே கிடக்கிற இரும்பும்
அதைக் கேட்டிருக்க வேணும்.
இத்தனை வருசத்தில் முதல் தடவை
அது என் பக்கம் நின்றது,
ஒரு கால்மணி நேரம்.

இப்ப எத்தனை?
நாலு.
பொய்யில்லை, நாலு.

பஸ்ஸில் முறிகண்டி தாண்ட ஐந்து.

இரவு, குசினியில்
சருவத்தைக் கவிழ்த்து
அகப்பைக் காம்பால் தட்டிப் பார்த்தேன்.
அலுமினியம். டொக் என்றது.
"ஏன், சோறு காணாதோ?"
உள்ளேயிருந்து இவர்.

சிரித்ததில்
முதுகு பிடித்துக்கொண்டது.