ஜன்னல் இல்லாத அறை

ஜனவரி. சௌதாம்ப்டனில் ஜனவரி என்றாலே மழை.
குடையைக் கதவோரம் சாய்த்துவிட்டு
டெரிக் ஹாஸ்கெட் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார்.
பெவர்லி உட்காரவில்லை.
சுவரில் ஒட்டியிருந்த கப்பல்களை
மீன்கடையில் விலை பார்ப்பவள்போல்
ஒவ்வொன்றாய்ப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

இருபத்தாறு வருடம் துறைமுகத்தில்
பெட்டி ஏற்றியவர் அவர்.
எத்தனை பெட்டி இருக்கும் என்றேன்.
"முழங்காலைக் கேள்."
ஒரு தடவைகூடக் கப்பலில் ஏறியதில்லை.

எல்லோரிடமும் சொல்வதைத்தான் சொன்னேன்:
முதலில் கப்பலைப் பார்க்காதீர்கள்,
உங்களைப் பாருங்கள்.
இரவு பத்துக்கு மேல் விழித்திருப்பீர்களா?
முன்பின் தெரியாதவரோடு ஒரே மேசையில்
சூப் குடிக்கச் சம்மதமா?
நாலாயிரம் பேர் போகும் கப்பல்
கடை அடைக்கவே தெரியாத ஒரு கடைத்தெரு.
அறுநூறு பேர் கப்பலில்
மூன்றாம் நாளே எல்லோருக்கும் உங்கள் பெயர் தெரியும்.
இரண்டும் நரகமாகலாம்.
அதனால் முதல் தடவை ஏழு இரவு போதும்.

விளம்பரத்தில் இருக்கும் விலை
தண்ணீருக்கு மேலே தெரியும் கப்பல்.
டிப்ஸ், மது, இணையம், கரைச் சுற்றுலா
எல்லாம் நீர்க்கோட்டுக்குக் கீழே.
அதையும் கூட்டிப் பார்த்துவிட்டு
அப்புறம் மலிவு என்று சொல்லுங்கள்.

வயிறு புரட்டும் என்ற பயமா?
நடுக்கப்பலில், கீழ்த்தளத்தில் அறை எடுங்கள்.
சீசாப் பலகையின் நடுவில் உட்கார்ந்தவன்
எங்கேயும் போவதில்லை.
தள வரைபடத்தில் உங்கள் அறைக்கு மேலே
என்ன இருக்கிறது என்று பாருங்கள்.
நடன அரங்கு என்றால் வேண்டாம்.
சமையலறை என்றால் வேண்டவே வேண்டாம்,
விடியுமுன்னே தட்டுகள் விழித்துக்கொள்ளும்.

"மாத்திரையைக் கைப்பையில் வை" என்றார் டெரிக், இடையில் புகுந்து.
"பெட்டி அறைக்கு வரச் சாயங்காலம் ஆகும்.
தூக்குகிறவன் நான்தானே, எனக்குத் தெரியாதா?"
அதை என் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன்.

நார்வே என்று முடிவாயிற்று. ஜூன்.
மலை இடுக்குகளில் கடல் நுழையும் வழி.
கோட்டுப் பையிலிருந்து ஒரு கவர் எடுத்தார்.
ஓவர்டைம் பணம், மூன்று வருடத்தியது.
"பால்கனி அறை" என்றார்.
மேசையில் வைக்கும்போது கவரைத் தடவிக் கொடுத்தார்.

அப்போதுதான் பெவர்லி திரும்பினாள்.
"ஜன்னலே இல்லாத அறை உண்டாமே?"

ரொட்டித் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் அவளுக்கு,
பதினெட்டு வருடமாய்.
பகலில் திரைமேல் போர்வை,
போர்வைமேல் அட்டை, அதையும் தாண்டி
ஒரு கோடு வெளிச்சம், கடற்காகங்களின் கூச்சல்.
"இருட்டு வேணும் டெரிக். முழு இருட்டு.
மணி என்ன என்று ஒரு வாரம்
எவனும் எனக்குச் சொல்லக் கூடாது."

அவர் கவரைப் பார்த்தார்.
நான் கணினித் திரையைப் பார்த்தேன்.
நார்வே ஜூனில் இரவு சரியாக இருட்டாது,
பால்கனியில் நள்ளிரவிலும் பேப்பர் படிக்கலாம்.
இதைச் சொன்னால் என் கமிஷன் பாதி போகும்.
சொன்னேன்.
மேல்தளம் எல்லோருக்கும் பொது என்பதையும் சொன்னேன்:
கடல் அங்கே இலவசம்,
விடிகாலையில் நாற்காலியும் காலியாக இருக்கும்.

கொஞ்ச நேரம் மழைச் சத்தம்.

"கிளம்பும்போது
எந்தப் பக்கம் நின்றால் சரக்குக் கொட்டகை தெரியும்?"
இத்தனை வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி.
எனக்குத் தெரியவில்லை என்றேன்.
"இடது பக்கம்" என்றார் அவரே.
"மேலேயிருந்து எப்படி இருக்குமோ, அதுதான் தெரியாது."

முன்பணம் கட்டினார்கள்.
மீதிக்கு மார்ச் கடைசி வரை தவணை.
பாஸ்போர்ட்டில் இருப்பதுபோலவே பெயர் எழுதுங்கள் என்றேன்,
ஓரெழுத்து மாறினாலும் வாசலில் நிறுத்திவிடுவார்கள்.
பெவர்லி ஒவ்வோர் எழுத்தாய்ச் சொன்னாள், மெதுவாக.
இப்போது உட்கார்ந்திருந்தாள்.