ஒன்பது கிலோமீட்டர் ஷெட்

நூலும் குண்டூசியும் என் சொந்தக் காசு.
கழனிவாசல் ஷெட்டின் வரைபடத்தைத்
தெர்மகோலில் ஒட்டிவைத்து
பஞ்சவர்ணம் நடக்க நடக்க
ஊசிக்கு ஊசி நூலை இழுத்துக்கொண்டிருந்தேன்.
கோயம்புத்தூரில் மூன்று நாள் பயிற்சி,
மஞ்சள் பெல்ட் என்று ஒரு சான்றிதழ்.
கராத்தேயா என்று வீட்டில் கேட்டார்கள்.

மாவுத் தொட்டியிலிருந்து அடுப்புக்கு,
அடுப்பிலிருந்து வடிதட்டுக்கு,
தட்டு தீர்ந்துபோய் ஸ்டோருக்கு,
ஸ்டோர் பூட்டியிருக்க, சாவிக்கு,
சாவி வைத்திருந்த சன்னாசியைத் தேடி டீக்கடைக்கு.
மதியத்துக்குள் ஷெட் மறைந்துவிட்டது.
குருவி பாதியில் விட்டுப்போன கூடு மாதிரி
நூல்தான் தெரிந்தது.

அளந்தேன்.
ஒரு ஷிப்டுக்கு ஒன்பது கிலோமீட்டர் நானூறு மீட்டர்.
தினமும் குன்றக்குடி வரை போகிறாள்,
மலை ஏறாமல், மயில் பார்க்காமல்.
பதினாறு ஷிப்டில் பழனி.
காவடி இல்லை,
வழியில் மோர் தருவாரும் இல்லை.

முதலாளி வயிரவன்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.
"ஐந்தொகையில் இதை எந்தத் தலைப்பில் எழுதுவது?"
பற்றிலும் இல்லை, வரவிலும் இல்லை என்றேன்.
"அப்படி ஒன்று இருக்க முடியாதே"
உண்மையாகவே கவலைப்பட்டார்.

சாவியை ஆணியில் மாட்டினோம்.
சன்னாசி இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை.
தட்டு அலமாரியை அடுப்புப் பக்கம் தள்ளக் குனிந்தபோது
தரையில் பழைய கீறல்கள்.
அலமாரியின் கால்கள் முன்பே ஒருமுறை
அதே வழியில் போய்
அதே வழியில் திரும்பியிருந்தன.
"யார் இழுத்தது?"
"நாந்தேன் மேடம். போன ஆடிக்கு முந்தின ஆடி.
சூப்பர்வைசர் பழைய எடத்துல வைக்கச் சொல்லிட்டாக."
"ஏன்?"
"அங்கனதான் இருந்துச்சாம்."

ஐந்து முறை ஏன் கேட்க வேண்டும் என்பது பாடம்.
நான் ஒன்றோடு நின்றுவிட்டேன்.

இப்போது இரண்டு கிலோமீட்டர் சொச்சம்.
படிவத்தில் முன்மொழிந்தவர் என்ற கட்டத்தில்
என் பெயரை அடித்து அவள் பெயரை எழுதினேன்.
"சம்பளத்துல ஏறுமா?" என்றாள்.
அதற்குக் கட்டம் இல்லை.

பதினொரு மணி இருக்கும்,
கவிழ்த்த எண்ணெய் டின்மேல் உட்கார்ந்தாள்.
வேலை நேரத்தில், ஆறு வருஷத்தில், முதல் தடவை.
நான் மனப்பாடம் செய்த வீண்களின் பட்டியலில்
காத்திருத்தலும் ஒன்று.
பேனாவைத் திறந்தேன்.
அவள் எண்ணெயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
நுரை அடங்கும் வரை பார்த்தாள்.
பிறகு எழுந்து பிழிந்தாள்.
பேனாவை மூடிவிட்டேன்.

அந்த வாரம் நூறு தேன்குழலுக்கு உடைசல் இரண்டு.
அதற்கு முந்தின வாரம் ஒன்பது.

வயிரவன் வேறு கணக்கில் இருந்தார்.
"ஏழு கிலோமீட்டர் மிச்சம் என்றால் ஒன்றே முக்கால் மணி.
ஐந்து பேருக்கு ஏறக்குறைய ஒன்பது மணி.
ஒரு ஆளைக் குறைக்கலாம்."
பென்சில் தொடாமல் சொன்னார்.
என் நூலை வைத்தே சொன்னார்.

ஆளைக் குறைத்தால் உட்கார நேரம் போகும்,
உட்காராதவள் எண்ணெயைப் பார்க்கமாட்டாள்,
ஒன்பது திரும்பி வரும் என்றேன்.
குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.
"உடைசலைத்தான் திங்கள் சந்தையில் தூளாக விற்கிறோமே?"
என்ன விலைக்கு?
அவர் பதில் சொல்லவில்லை.
பேரேட்டை எடுத்துப் புரட்டினார்.
மின்விசிறி தாள்களைத் திருப்பித் திருப்பிவிட
மறுபடி புரட்டினார்.

இன்று வியாழன். முடிவு தெரியவில்லை.
ஐந்து பேரும் வேலைக்கு வந்திருக்கிறார்கள்.
வரைபடத்திலிருந்து ஊசிகளைப் பிடுங்கினேன்,
சுற்றச் சுற்ற நூல் ஒரு எலுமிச்சை அளவுக்கு வந்தது.
"மூட்டை வாய் கட்ட ஆகும், குடுங்க"
என்று கையை நீட்டினாள் பஞ்சவர்ணம்,
டின்னை விட்டு
எழுந்திருக்காமல்.